முப்பத்திரண்டு என்று சொன்னால் போதாது

சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். வயதில் எனக்குத் தம்பி முறை. அவருடைய அப்பா வைத்திருந்த ரிவால்வரின் உரிமம், அப்பா காலமான பிறகு முறைப்படி இவர் பெயருக்கு மாறியிருந்தது. துப்பாக்கி கைக்கு வந்துவிட்டது. ஆனால் இவர் வாழ்நாளில் ஒரு முறைகூடச் சுட்டதில்லை.

"அண்ணா, கடையில் போய் முப்பத்திரண்டு தோட்டா வேண்டும் என்றேன். எந்த முப்பத்திரண்டு என்று திருப்பிக் கேட்டார். முப்பத்திரண்டில் எத்தனை முப்பத்திரண்டு இருக்கிறது?"

நான் வார இறுதிகளில் வேலந்தாவளம் எல்லைச் சாவடியைத் தாண்டிக் கோவைப் பக்கம் சுடுகளத்துக்குப் போய்வருகிறவன். பதக்கம் எதுவும் வாங்கியவன் இல்லை. இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். அவர் கேட்ட முப்பத்திரண்டு எண்ணிக்கை இல்லை, .32 என்ற தோட்டா அளவு. தெரியாமல் நானே ஒரு காலத்தில் திண்டாடியிருக்கிறேன். அன்று திண்ணையில் அவருக்குச் சொன்னதைத்தான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் தகராறு. செய்தித்தாள்கள் 'தோட்டா பாய்ந்தது' என்று எழுதுகின்றன. தோட்டா பாயாது, பாய்வது குண்டு. தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்த ஒரு பொட்டலம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் அடைத்த ஈயக் குண்டு. சுட்டதும் குண்டு மட்டும் முன்னால் போகும். பிஸ்டலாக இருந்தால் கூடு பக்கவாட்டில் தெறித்து விழும், ரிவால்வராக இருந்தால் தோட்டாக்களை இடும் சுழல் உருளைக்குள்ளேயே கிடக்கும்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கோயிலில் வெடிவழிபாட்டுக்குக் கதினா வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புக் குழியில் மருந்தை இட்டு, மேலே இறுக்கி அடைத்துத் திரி வைக்கிறார்கள். அடைப்பு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சத்தம். தோட்டாவிலும் நடப்பது அதுவேதான். மருந்து எரிந்து வாயுவாகிறது, வாயுவுக்கு இடம் போதவில்லை, அடைத்திருக்கும் குண்டைத் தள்ளிக்கொண்டு குழல் வழியே வெளியேறுகிறது. வேறுபாடு மருந்தில் இருக்கிறது. கதினாவில் இருப்பது புகை கக்கும் கரிமருந்து. இன்றைய தோட்டாவில் இருப்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த புகையில்லா மருந்து.

பொறி எங்கே விழுகிறது என்பதை வைத்துத் தோட்டாக்கள் இரண்டு குலமாகப் பிரிகின்றன. .22 தோட்டாவில் தனியாக பிரைமர் கிடையாது. கூட்டின் அடிவிளிம்புக்குள்ளேயே பற்றும் கலவை பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் பற்றிக்கொள்ளும். .32, 9 மி.மீ. போன்றவற்றில் அடியின் நடுவில் ஒரு சிறு கிண்ணம் போலப் பிரைமர் உட்கார்ந்திருக்கும். முன்னதை விளிம்புத் தோட்டா என்றும் பின்னதை நடுத் தோட்டா என்றும் சொல்லிக்கொள்ளலாம். விளிம்பு மெல்லியதாக இருந்தால்தான் ஊசியால் நசுக்க முடியும். மெல்லிய கூடு அதிக அழுத்தத்தைத் தாங்காது. அதனால்தான் .22 சாதுவாக இருக்கிறது, அதனால்தான் மலிவாகவும் இருக்கிறது.

இனி எண்களுக்கு வருவோம். தம்பி மாட்டிக்கொண்டது இங்கேதான். .32 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் முப்பத்திரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர். இது குண்டின் குறுக்களவைச் சொல்கிறது. கூட்டின் நீளத்தையோ மருந்தின் அளவையோ அழுத்தத்தையோ சொல்லவில்லை. குறுக்களவிலும் அந்த எண்ணை முழுக்க நம்ப முடியாது. .38 ஸ்பெஷல் என்ற புகழ்பெற்ற ரிவால்வர் தோட்டாவின் குண்டு உண்மையில் .357 அங்குலம்தான். பெயர் வைத்தவர்கள் அளவுகோலை ஓரமாக வைத்துவிட்டு வைத்த பெயர்கள் இவை. அந்த எண்ணை நம் பக்கத்து வேட்டியின் முழக்கணக்கு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். முழம் இருக்கிறது, ஆனால் யாருடைய கை என்பதைக் கேட்டாக வேண்டும்.

நம் நாட்டில் உரிமம் உள்ள கைத்துப்பாக்கிக்காரர்கள் அதிகம் புழங்கும் முப்பத்திரண்டுகள் இரண்டு. ஒன்று, ரிவால்வருக்கான .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) லாங். 1896-இல் வந்தது. கூட்டின் நீளம் 23 மி.மீ. மற்றொன்று, தானியங்கிப் பிஸ்டலுக்கான .32 ஏ.சி.பி. (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்). ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1899-இல் வந்தது. கூட்டின் நீளம் 17 மி.மீ. இரண்டின் குண்டும் குறுக்களவில் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டையும் 7.65 என்று மில்லிமீட்டரில் எழுதும் வழக்கமும் உண்டு. உரிமப் புத்தகத்தில் இரண்டுக்கும் '.32 போர்' (bore, குழல் துளையின் அளவு) என்றே எழுதியிருக்கும். பிறகு குழப்பம் வராமல் என்ன செய்யும்?

இதில் ஒரு பொல்லாத ஒற்றுமை வேறு. குட்டையான ஏ.சி.பி. தோட்டா பல .32 ரிவால்வர்களின் அறைக்குள் (உருளையில் தோட்டா உட்காரும் துளைக்குள்) இறங்கி, தன் சிறிய விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றுவிடும். சுட்டால் சுட்டுவிடவும் செய்யும். 'உள்ளே போகிறதே, அப்புறம் என்ன' என்று தோன்றுவது இயல்பு. ஆனால் லாங் தோட்டாவுக்கு வகுத்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்குச் சுமார் 15,000 பவுண்டு. ஏ.சி.பி.க்கு அது 20,000-ஐத் தாண்டும். பழைய ரிவால்வரின் உருளையில் அந்த மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அழுத்தத்தைத் திணிப்பது, மண்சுவர் வீட்டின் மேல் மாடி எடுப்பது போன்றது. எனவே கடையில் அந்த மனிதர் திருப்பிக் கேட்டது தொல்லை இல்லை. அவர் தொழில் தெரிந்தவர்.

கேட்க வேண்டிய பெயர் எங்கே இருக்கிறது? துப்பாக்கியின் குழல் மேலேயோ உடற்சட்டத்தின் (ஃபிரேம்) பக்கத்திலோ பொறித்திருக்கும். தோட்டாவின் அடியிலும் எழுத்து இருக்கும். புனேயை அடுத்த கட்கியில் 1869-இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையின் தோட்டாக்களில் 'கே.எஃப்.' என்ற இரண்டெழுத்தைப் பார்க்கலாம். அந்த ஊரை வெள்ளைக்காரர்கள் கிர்க்கி என்று எழுதிய காலத்து முத்திரை அது. இரண்டு பொறிப்புகளும் ஒன்றையே சொன்னால் மட்டும் உள்ளே போட வேண்டும். மங்கிப்போய்ப் படிக்க முடியவில்லை என்றால் ஊகிக்கக் கூடாது. துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் பெற்றவரிடம் காட்டி அறையை அளக்கச் சொல்ல வேண்டும்.

.22-லும் இப்படி ஒரு குடும்பமே உண்டு. ஷார்ட் 1857-இல் பிறந்தது, லாங் ரைபிள் 1887-இல். மேக்னம் என்று தடித்த கூட்டுடன் ஒன்று பின்னால் வந்தது. விளையாட்டுக்காரருக்கு வேண்டியது லாங் ரைபிள் மட்டுமே. பெயரில் ரைபிள் இருக்கிறதே என்று மிரள வேண்டாம். பிஸ்டலுக்கும் அதேதான். ஒலிம்பிக்கின் விரைவுப் பிஸ்டல் போட்டியில் நெடுங்காலம் ஷார்ட் தோட்டாவைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 2005-இல் வந்த விதி மாற்றத்தோடு அதுவும் லாங் ரைபிளுக்கு மாறிவிட்டது.

குண்டின் எடையைப் பெட்டியின் மேல் 'கிரெயின்' கணக்கில் போட்டிருப்பார்கள். தானியமணி என்று பொருள். ஐரோப்பியர்கள் பார்லி மணியை வைத்து நிறுத்த காலத்து எச்சம். நம்மவர்கள் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்த மாதிரிதான். ஒரு கிரெயின் 0.065 கிராம். இப்படிச் சொன்னால் யாருக்கும் மனத்தில் நிற்காது என்பதால் நான் பவுன் கணக்கில் சொல்வேன். 9 மி.மீ. தோட்டாவில் பரவலாக இருக்கும் 124 கிரெயின் குண்டு 8 கிராம், சரியாக ஒரு பவுன். .32 லாங் தோட்டாவின் 98 கிரெயின் குண்டு 6.35 கிராம், முக்கால் பவுனுக்குச் சற்று மேல். .22-இன் 40 கிரெயின் குண்டு 2.6 கிராம், மூன்றில் ஒரு பவுன்.

இந்த எடையோடு வேகத்தைப் பெருக்கினால் கையில் வாங்கப்போகும் உதைப்பின் அளவு கிடைக்கும். பிஸ்டலிலிருந்து .22 குண்டு நொடிக்கு ஏறக்குறைய 300 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. .32 லாங் 220 மீட்டர் அளவில். 9 மி.மீ. 350 அளவில். பெருக்கிப் பாருங்கள்: 780, 1,400, 2,800. எரிந்த மருந்தின் வாயுவும் தன் பங்குக்குத் தள்ளும், அதைக் கணக்கில் விட்டுவிட்டேன். ஆக .22-இன் உதைப்பை ஒன்று என்று வைத்தால் .32-க்கு ஒன்றே முக்கால், 9 மி.மீ.க்கு மூன்றரை. இதைத் துப்பாக்கியின் எடை வாங்கிக்கொள்ளும். போட்டிக்கான .22 பிஸ்டல் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். தம்பியின் ரிவால்வர் முக்கால் கிலோகூட வராது. எனவே கைக்கு வந்து சேரும்போது .22-க்கும் .32-க்கும் உள்ள இடைவெளி தாளில் போட்டதைவிடப் பெரிதாகிவிடும்.

"அண்ணா, நான் தேங்காய் மூட்டை தூக்குகிறவன். இந்த உதைப்பெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா?" என்றார் தம்பி.

பொருட்டுதான். உதைப்பைத் தாங்கும் வலு எல்லாருக்கும் இருக்கிறது. பிரச்சினை தோளிலோ மணிக்கட்டிலோ இல்லை. உதைப்பும் சத்தமும் வரப்போகின்றன என்று உடம்புக்குத் தெரிந்துவிடுவதுதான் பிரச்சினை. நெம்மாறை-வல்லங்கி வேலா திருவிழாவின் வாணவேடிக்கைக்குப் போயிருக்கிறீர்களா? திரியில் தீ வைக்கும் ஆளைப் பார்த்தவுடனேயே, வெடிக்கும் முன்பே, கண் இடுங்கும், தோள் காதை நோக்கி ஏறும். யாரும் சொல்லித்தந்து வருவதில்லை. துப்பாக்கியிலும் அதேதான். விசையை இழுக்கும் அந்தக் கணத்தில் கை தானாக இறுகி முனையைக் கீழே அமுக்கிவிடும். வெடித்த பிறகு துப்பாக்கி மேலே எகிறுவதால் இந்த அமுக்கல் கண்ணுக்குத் தெரியாது. இலக்கு அட்டையில் மட்டும் குண்டுகள் இடது கீழ் மூலையில் போய்க் கூட்டம் போட்டிருக்கும். வலக்கைக்காரர்களின் அட்டையைச் சொல்கிறேன். 'துப்பாக்கியின் பார்வை (குறிபார்க்கும் அமைப்பு) சரியில்லை' என்று சொல்லி அதைத் திருகத் தொடங்குவார்கள். துப்பாக்கி ஒரு பாவமும் செய்திருக்காது.

எவ்வளவு சிறிய அசைவு போதும் என்பதற்கு ஒரு கணக்கு. 25 மீட்டர் பிஸ்டலில் முன்பார்வைக்கும் பின்பார்வைக்கும் இடைவெளி அதிகபட்சம் 220 மி.மீ. இருக்கலாம். அந்த நீளத்தில் முன்பார்வை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தொலைவில் குண்டு 114 மி.மீ. விலகிப்போகும். நிதானச் சுற்றின் இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடு வட்டம் 50 மி.மீ. அகலம், அடுத்தடுத்த வட்டங்கள் 25 மி.மீ. இடைவெளியில். ஆக ஒரு மில்லிமீட்டர் அமுக்கல் பத்தை ஆறாக்கிவிடுகிறது. ரிவால்வரில் பார்வை இடைவெளி இதில் பாதிதான். அங்கே அதே ஒரு மில்லிமீட்டர் குண்டை இரு மடங்கு தூரம் தள்ளிவிடும்.

இந்த வழக்கம் முதல் இருநூறு முந்நூறு தோட்டாக்களுக்குள் உடம்பில் ஊறிவிட்டால் அதைப் பிடுங்கி எறிவது பெரும்பாடு. எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. நான் தொடங்கியது ஒருவர் பெருமையாக நீட்டிய .32-இல். அன்று மூன்று அட்டைகளை முடித்துவிட்டுக் கை நடுங்க வீட்டுக்கு வந்ததும், 'நல்ல பலம்' என்று மனைவியிடம் அளந்ததும் நினைவிருக்கிறது. பிறகு .22-க்குப் போனபோது அந்தச் சாதுத் தோட்டாவுக்கும் கை அஞ்சி அமுங்கியது.

எனவே புதியவருக்கான தோட்டாவை நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: ஒரு காலைப்பொழுதில் இதை எத்தனை முறை சுட்ட பிறகு உங்கள் கை அதற்கு அஞ்சத் தொடங்குகிறது? .22-இல் நூறைத் தாண்டியும் பலருக்கு அச்சம் வருவதில்லை. ஐம்பது தோட்டா ஒரு பெட்டி, பத்துப் பெட்டி ஒரு கட்டு என்று விற்கும் அந்தச் சிறு தோட்டா, ஆசிரியர் வேலைக்கென்றே பிறந்தது. சத்தம் குறைவு, விலை குறைவு. நடுத் தோட்டாக்களில் இந்த வசதி இல்லை. அதோடு நம் உரிமத்தில் ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்று எண்ணிக்கை எழுதியிருக்கும். சாதாரண உரிமக்காரருக்கு அந்த எண்ணிக்கை பயிற்சிக்குப் பற்றவே பற்றாது. ரைபிள் சங்கம் வழியாக விளையாட்டு வீரராகப் பதிவு செய்துகொள்பவருக்கு அது தாராளம்.

இன்னும் ஒரு படி பின்னால் போகச் சொன்னால் முகம் சுளிப்பீர்கள். ஆனாலும் சொல்கிறேன். முதல் ஆறு மாதத்துக்கு மருந்தே இல்லாத தோட்டாதான் சிறந்தது. 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலைச் சொல்கிறேன். 4.5 மி.மீ. ஈய ரவை, அரை கிராம் எடை, அழுத்திய காற்று தள்ளும். உதைப்பு இல்லை என்றே சொல்லலாம். இந்த வகைக்கு ஆயுத உரிமமும் தேவையில்லை, ஆற்றல் 20 ஜூல் வரம்புக்கு மிகக் கீழே இருக்கிறது. அதன் பத்து வட்டம் 11.5 மி.மீ. அகலம்தான், சட்டைப் பொத்தான் அளவு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும் இந்த ரவையால் வந்தவை. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கியது .22-இல். .32 போன்ற நடுத் தோட்டாக்களுக்கென்றே 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் என்று ஒரு போட்டி உண்டு. ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டிலும் 2006 தோஹாவிலும் அதில் தங்கம் வென்றார். அவரே பின்னால் மனு பாக்கருக்குப் பயிற்சியாளர் ஆனார். எனவே .32-ஐ நான் தள்ளி வைக்கவில்லை. அதன் முறை வரும்போது வரட்டும்.

.22 என்று முடிவு செய்தபின் பெட்டியில் இரண்டு சொற்களைக் கவனித்தால் போதும். 'ஸ்டாண்டர்டு' என்றால் ஒலியின் வேகத்துக்குக் கீழே போகும் குண்டு. 'ஹை வெலாசிட்டி' என்றால் நீண்ட குழலில் ஒலியின் வேகத்தைத் தாண்டுவது. நமக்கு முன்னதே சரி. போட்டிப் பிஸ்டல்களின் சுருள்வில்லை அந்த மென்மைக்கு ஏற்றபடிதான் அமைத்திருப்பார்கள். வேகமான தோட்டாவைப் போட்டால் பாகங்கள் தேயும், உதைப்பு கூடும், புள்ளி கூடாது. பிரிட்டனின் ஈலி, பின்லாந்தின் லாபுவா, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். என்று உயர்ந்த பெயர்கள் உண்டு. தொடக்கத்தில் அவற்றின் உச்ச வகைகளை வாங்குவது வீண். எழுதப் பழகும் பிள்ளைக்குத் தங்கப் பேனா எதற்கு? அவற்றின் பயிற்சி வகைகளே உங்கள் கையைவிடத் திறமையானவை. ஒரு பிஸ்டலுக்குப் பிடித்த தோட்டா அடுத்த பிஸ்டலுக்குப் பிடிக்காது என்பது மட்டும் உண்மை. இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, மணல் பையில் கையைச் சாய்த்து ஐந்தைந்தாகச் சுட்டு, எது நெருங்கி விழுகிறது என்று பாருங்கள்.

.32-க்கு வரும் நாளில் 'வாட்கட்டர்' என்று கேளுங்கள். அந்தக் குண்டுக்கு மூக்கு இருக்காது, தலை தட்டையாக இருக்கும். கூட்டின் வாயோடு வாயாக உட்கார்ந்திருப்பதால் முதலில் பார்க்கிறவருக்குக் குண்டே இல்லாத வெறும் கூடு போலத் தெரியும். அட்டையில் கூர்மூக்குக் குண்டு கிழிசலாகத் துளை போடும். இது தாள் துளைக்கும் கருவி போலச் சுத்தமான வட்டம் போடும். வட்டக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற வழக்கு வராது. செம்பு உறை போட்ட குண்டுகளுக்குப் போட்டிக் களத்தில் இடமில்லை. ஈயம் போன்ற மென்மையான குண்டுகளை மட்டுமே விதி அனுமதிக்கிறது.

'9 மி.மீ.தான் தொடக்கத்துக்கு ஏற்றது' என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது அமெரிக்காவில் சரியான அறிவுரையாக இருக்கலாம். அங்கே அந்தத் தோட்டா எங்கும் கிடைக்கிறது. இங்கே 9 மி.மீ. படைகளுக்கும் போலீஸுக்கும் உரியது, பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட துளையளவு. நம் ஊர் உரிமக்காரரின் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32, அல்லது .22. ஆகவே எது பலம் என்று அங்கே நடக்கும் நூறாண்டு வாக்குவாதத்தில் நாம் கலந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை.

தம்பிக்கு இன்னொரு கணக்கும் மனத்தில் இருந்தது. காட்டுப்பன்றி. பாலக்காட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் பன்றிக் கதை ஒன்று இருக்கும். 2022-இல் கேரள அரசு, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. ஆனால் அதைச் செய்வது அதற்கென்று பட்டியலில் சேர்க்கப்பட்ட, நீண்ட துப்பாக்கி வைத்திருக்கும் ஆட்கள். .32 ரிவால்வரால் பன்றியைச் சுடுவது, விலங்குக்கும் கொடுமை, சுடுகிறவருக்கும் ஆபத்து. காயம்பட்ட பன்றி திரும்பினால் மரம் ஏறத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தென்னை ஏறத் தெரியும் என்றாலும் அந்தப் பேச்சை அதோடு முடித்தேன்.

எல்லையோரம் வாழ்வதால் நமக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் உண்டு. காலையில் பால் வாங்க ஒரு மாநிலம், மருத்துவரைப் பார்க்க ஒரு மாநிலம் என்று வாழ்கிறோம். வேலந்தாவளத்திலும் வாளையாற்றிலும் கோட்டைத் தாண்டுவது நமக்குத் தெருவைக் கடப்பது போல. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அப்படி இல்லை. உரிமத்தில் அது செல்லுபடியாகும் பகுதி எழுதியிருக்கும். கேரளத்துக்கு மட்டும் என்றிருந்தால், கோவைச் சுடுகளத்துக்கு அதை எடுத்துப்போவது குற்றம். பையில் தோட்டா மட்டும் கிடந்தாலும் குற்றம்தான். ஆகவே அந்தப் பக்கம் பழக விரும்பினால் முதலில் உரிமத்தின் எல்லையை விரிவாக்க விண்ணப்பியுங்கள். அல்லது சங்கத்தின் துப்பாக்கியையும் தோட்டாவையும் அங்கேயே வாங்கிச் சுட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறி வாருங்கள். நான் நெடுநாள் செய்தது பின்னதைத்தான்.

சுடும்போது தோட்டா உங்களோடு பேசும், இரண்டு வகையில். ஒன்று, விசையை இழுத்தும் வெடிக்காமல் 'டிக்' என்று நிற்பது. .22-இல் விளிம்பின் கலவை ஒரு பக்கம் குறைந்திருந்தால் இது எப்போதாவது நடக்கும். துப்பாக்கி முனையை இலக்கை நோக்கியே வைத்தபடி அரை நிமிடம் காத்திருங்கள். தாமதமாகப் பற்றுவதும் உண்டு. பிறகு எடுத்து, அதற்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள். மற்றது, இதைவிடப் பொல்லாதது: வழக்கமான வெடிச்சத்தம் இல்லாமல் ஈரப் பட்டாசு போல 'புஸ்' என்று வருவது. உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் அடுத்த குண்டை அனுப்பினால் குழல் பிளந்துவிடும். காதுமூடி போட்டிருக்கும்போதும் இந்த வேறுபாடு கேட்கும், கையிலும் தெரியும். கண்ணாடி இல்லாமலும் காதுமூடி இல்லாமலும் சுடுகளத்துக்குள் காலை வைக்காதீர்கள். .22-தானே என்று விட்டவர்கள் இன்று தொலைபேசியில் கத்திப் பேசுகிறார்கள்.

பாதுகாத்து வைப்பது பெரிய வித்தையில்லை. குளிர்ந்த, உலர்ந்த, பூட்டிய இடம், துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனியே. பங்குனி வெயிலில் கார் டிக்கியில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகக் கூடாது, அவ்வளவே. ஒருவர் மழைக்காலத்தில் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று .22 தோட்டாக்கள் மேல் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தார். எண்ணெய் உள்ளே கசிந்து பற்றும் கலவையைக் கெடுத்துவிட்டது. பாதிக்கு மேல் வெடிக்கவில்லை. அந்தக் குண்டின் மேல் மெழுகு போல இருக்கும் பூச்சு தொழிற்சாலையிலேயே போட்டது. நம் கைங்கரியம் தேவையில்லை.

தம்பி இரண்டு வாரம் கழித்துச் சுடுகளத்துக்கு வந்தார். சங்கத்தின் .22 பிஸ்டலில் தொடங்கினோம். மூன்றாம் நாள் அவருக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு பொம்மைத் தோட்டாக்களைக் கலந்து வைத்தேன். புதியவரின் அச்சத்தைக் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. வெடி வராத அந்தக் கணத்தில் முனை எவ்வளவு குனிகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவருடைய பிஸ்டல் கோழி கொத்துவது போலக் குனிந்தது. "மூட்டை தூக்குகிற கைதான் அண்ணா இது" என்று அவரே சிரித்தார். சிரித்த பிறகு மறுபடி மெதுவாகத் தொடங்கினோம்.

போன வாரம் அப்பாவின் ரிவால்வரோடு வந்த பழைய பெட்டியைத் திறந்து காட்டினார். பதினான்கு தோட்டாக்கள். நாலைந்தில் பித்தளை பச்சைப் பூத்திருந்தது, ஒன்றில் குண்டு விரலால் தொட்டாலே ஆடியது. அப்பா கடைசியாக எப்போது வாங்கினார் என்று அம்மாவுக்கும் நினைவில்லை. சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உரிமப் புத்தகத்தோடு கடைக்குப் போய்ப் பதினான்கையும் எண்ணி ஒப்படைத்து, ரசீது வாங்கி வைத்திருக்கிறார். புதிது இன்னும் வாங்கவில்லை.